‘பழகிடும்’ என்று சொன்னார்கள்

புது டயர் போட்டால் கார் முன்பைவிட நன்றாக ஓடும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். எங்கள் கார் புது டயர் போட்ட பிறகுதான் தள்ளாட ஆரம்பித்தது. அந்த எட்டு நாள் கதையை எழுதச் சொன்னவர் என் அப்பா. “எழுதும்மா. நாலு பேரு படிச்சா, அதுல ரெண்டு பேராவது போயி காத்து அளந்து பார்ப்பாங்க” என்றார்.

நாங்கள் இருப்பது ஜார்ஜ்டவுனை ஒட்டிய ஜெலுத்தோங்கில், ஓர் அடுக்குமாடி வீட்டில். நான், என் கணவர், ஏழு வயது மகள், அப்பா என நான்கு பேர். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. கார், ஒன்பது வருடப் பழைய உள்நாட்டுச் சிறிய கார். வேலைக்கு, பள்ளிக்கு, சந்தைக்கு, அப்பாவின் மருத்துவமனைச் சோதனைக்கு என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

அப்பா லாரி ஓட்டுநராக இருந்தவர். பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்படுவதற்கு முன்பே, லாரியைப் பெர்ரியில் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் போய் வந்தவர். சிமெண்டு, அரிசி, கோழித்தீவனம் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஏற்றியிருக்கிறார். பிறகு இனிப்புநீர் கண்ணைப் பாதித்தது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நாள், யாரும் சொல்லாமலேயே ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். இப்போது அவருக்கு வெளிச்சம் தெரியும், ஆள் உருவம் தெரியும். எழுத்து தெரியாது.

முதலில் என் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவார். முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு எரிந்தால் அவர் கால் தரையை அழுத்தும். “மெதுவா... மெதுவா... அவன் திரும்புவான் பாரு” என்று விடாமல் சொல்லிக்கொண்டு வருவார். ஒரு நாள் மாலை நெரிசலில், வேலைக் களைப்பில், என் வாயிலிருந்து வந்துவிட்டது: “அப்பா, இப்ப ஓட்டுறது நான். நீங்க பேசாம வாங்க.”

அடுத்த நாள் முதல் அவர் பின்னிருக்கைக்குப் போய்விட்டார். இடப்பக்கச் சன்னலோரம், பேத்திக்குப் பக்கத்தில். கோபம் இல்லை, முறைப்பு இல்லை. ஆனால் கார் ஓடும்போது என் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

சரி, டயருக்கு வருகிறேன்.

பின்சக்கரங்கள் இரண்டிலும் டயர் தேய்ந்திருந்தது. நம் நாட்டில் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளத்துக்குள் குறுக்கே சிறிய ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டுமட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் காலம் முடிந்தது என்று பொருள். எங்கள் பின்டயர்கள் அந்த நிலைக்கு வந்துவிட்டன. முன்டயர்களில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாதக் கடைசி. நான்கையும் மாற்றக் கையில் பணம் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை ஒரு கடையில் பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டோம். கூலி, பேலன்சிங் எல்லாம் சேர்த்து 400 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போதே ஏதோ ஒரு மாதிரி இருந்தது. துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் தடம் மாறினால், காரின் முன்பகுதி உடனே மாறுகிறது, பின்பகுதி அரை விநாடி யோசித்துவிட்டு வருகிறது. நேராகப் போகும்போதும் பின்னால் யாரோ லேசாக இடித்துவிடுவதுபோல ஓர் அசைவு. ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லை, சத்தம் இல்லை. கார் ஒரு பக்கமாக இழுக்கவும் இல்லை. ஆனால் கார் என் பேச்சைக் கேட்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “புது டயர்ல அப்படித்தான் இருக்கும். பழகிடும்” என்றார். புதன்கிழமை கடைக்குப் போன் போட்டேன். “புது ரப்பர், 500 கிலோமீட்டர் ஓடினா சரியாப் போயிடும். உங்களுக்குப் பழக்கமில்ல, பழகிடும்” என்று பதில் வந்தது. வேலையிடத்தில் கார் பிரியரான நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்.

அவர்கள் மூவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

புது டயர் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். சிறிய கார்களுக்கான புது டயரில் பள்ளம் ஏறக்குறைய 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அந்தப் பள்ளங்களுக்கு இடையில் ரப்பர் கட்டைகள் உயரமாக நிற்கும். பிள்ளைகள் பயன்படுத்தும் அழிப்பானை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான புது அழிப்பானைத் தாளில் தேய்த்தால் முதலில் அது வளையும், பிறகுதான் தேய்க்கும். தேய்ந்து குட்டையான அழிப்பான் வளையாமல் உடனே தேய்க்கும். எங்கள் காரில் முன்னால் இருந்தவை குட்டை அழிப்பான்கள், பின்னால் இருந்தவை நீள அழிப்பான்கள். முன்சக்கரம் உடனே திரும்ப, பின்சக்கரம் கொஞ்சம் வளைந்து பிறகு திரும்பும். இதற்கு மேல், அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் வழுக்குப் பொருளின் மிச்சமும் புது டயரின் மேல் இருக்கக்கூடும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடும்போது அது போய்விடும், ரப்பரும் இறுகி அமையும். அதனால்தான் புது டயர் போட்டதும் சில நாள் நிதானமாக ஓட்டச் சொல்கிறார்கள்.

கடைக்காரர் புது டயரைப் பின்னால் போட்டதும் சரியான வேலைதான். எஞ்சின் இழுப்பது முன்சக்கரத்தை, அதனால் புதியதை முன்னால் போடுவதே முறை என்று பலரும் நினைக்கிறோம். நானும் கடையில் அப்படித்தான் கேட்டேன். ஆனால் டயர் நிறுவனங்கள் சொல்வது வேறு. மழையில் முன்சக்கரம் வழுக்கினால் கார் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடிக்குள் வந்துவிடும். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரம்போல் சுற்றிவிடும். அதைத் திருத்துவது சாதாரண ஓட்டுநருக்கு மிகக் கடினம். எனவே இரண்டு டயர்தான் வாங்க முடிகிறது என்றால், நல்ல இரண்டும் பின்னால்தான் இருக்க வேண்டும்.

ஆக, எல்லாமே விளக்கத்துக்குப் பொருந்தியது. நானும் வாயை மூடிக்கொண்டேன். ஒன்றை மட்டும் நான் கவனிக்கத் தவறினேன். திங்களைவிடச் செவ்வாய் மோசமாக இருந்தது. செவ்வாயைவிட வியாழன் மோசமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூலிமில் உறவினர் வீட்டுத் திருமண விருந்து. குடும்பத்தோடு போனோம். திரும்பும்போது இரவு ஒன்பது மணி. பிறையைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பினாங்குப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். பகலில் அழகாக இருக்கும் அந்தத் தூரம், மழை இரவில் முடிவே இல்லாததுபோல் தெரியும். பக்கக் காற்று அடிக்கும்போதெல்லாம் காரின் பின்பகுதி நகர்ந்தது. நான் திருத்தினேன். அது மறுபக்கம் நகர்ந்தது. மறுபடியும் திருத்தினேன். அனுமதித்த வேகம் 80 என்றாலும் 60-க்கு மேல் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

பாலம் முடிந்து, தீவுக்குள் ஜார்ஜ்டவுன் பக்கம் போகும் வளைவுப் பாதை. உள்ளே நுழைந்த பிறகுதான் வேகம் அதிகம் என்று பட்டது. பயத்தில் எண்ணெய் மிதியிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டேன்.

அப்படிச் செய்யக் கூடாது. காலை எடுத்ததும் காரின் பாரம் முன்னால் போகும், பின்சக்கரத்தின் மேல் உள்ள அழுத்தம் குறையும். ஏற்கெனவே பிடி தளர்ந்திருந்த பின்பகுதி வெளியே வீசிக்கொண்டு போனது. கார் கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தடத்துக்குள் குறுக்காக நுழைந்தது. மகள் வீரிட்டாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிளின் ஹார்ன் ஒலியும் அதன் வெளிச்சமும் என் சன்னலுக்குப் பக்கத்தில் வந்து விலகிப் போயின. எப்படியோ கார் நேரானது. அது என் திறமை இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் வேறு கார் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. பிறகு பின்னிருக்கையிலிருந்து அப்பாவின் குரல்.

“வால் ஆடுதும்மா. இடப்பக்கம்.”

“என்னப்பா?”

“இடது பின்சக்கரம். என் அடியிலதான் இருக்கு. நாலு நாளா ஆடுது. இன்னிக்கு ரொம்ப ஆடுது.”

“நாலு நாளாவா? ஏம்ப்பா சொல்லல?”

அவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, “நீதானேம்மா பேசாம வரச் சொன்ன” என்றார்.

அதில் குத்தல் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

காற்றடிக்கும் கருவி அங்கேயே இருந்தது. நம் ஊர்க் கருவிகளில் பெரும்பாலும் கிலோபாஸ்கல் கணக்கு. எங்கள் காருக்கு எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது: 220. ஒன்பது வருடத்தில் அன்றுதான் அதை உட்கார்ந்து படித்தேன். கணவர் குடையைப் பிடிக்க, நான் அளந்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் சரி. வலது பின்சக்கரமும் சரி. இடது பின்சக்கரம் 120.

பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. இன்றைய ரேடியல் டயர்களின் அடிப்பக்கம் காற்று சரியாக இருக்கும்போதே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். புது டயரின் பக்கச்சுவர் வேறு விறைப்பாக இருக்கிறது. காலால் உதைத்துப் பார்த்துக் காற்று இருக்கிறதா என்று சொல்லும் காலம் போய்விட்டது. அளந்து பார்த்தால்தான் உண்டு.

காற்றுக் குறைந்த டயர் என்ன செய்யும்? நேராகப் போகும்போது அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. திரும்பும்போது பக்கச்சுவர் மடங்கும். சக்கரம் ஒரு பக்கம், தரையைத் தொடும் ரப்பர் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு டயரிலும் ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கையில் ஒன்று ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றால், மழைநீரையும் பிளந்துகொண்டு அது எப்படித் தரையைப் பிடிக்கும்?

இரண்டு பின்சக்கரத்திலும் 220 வைத்துக்கொண்டு மெதுவாக வீடு வந்தோம். திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். காலையில் காரை நகர்த்தும் முன் அளந்தோம். கணவர் பக்கத்தில் இருப்பவரிடம் சிறிய அளவுகோல் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஓடிய டயர் சூடாக இருக்கும், சூட்டில் காற்று அழுத்தம் கூடும். அதனால் குளிர்ந்த டயரை அளப்பதே சரியான அளவு. வலது 216. இடது 200. ஆறினதால் இரண்டிலும் கொஞ்சம் குறையும். ஆனால் இடதில் மட்டும் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. எங்கோ ஒழுகுகிறது.

“சவுக்காரத் தண்ணி கொண்டா” என்றார் அப்பா.

தூணைப் பிடித்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். விரலால் டயரைத் தடவிக்கொண்டே போய்க் காற்றடிக்கும் வால்வைக் கண்டுபிடித்தார். அதன் மேல் சவுக்காரத் தண்ணீரை விடச் சொன்னார். ஒன்றும் இல்லை. பிறகு வால்வை விரலால் ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்து, காதை அருகில் கொண்டுபோனார். “இப்ப ஊத்து.” வால்வின் அடியில், சக்கரத்தோடு சேரும் இடத்தில், சின்னச் சின்னக் குமிழியாக வந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். “தாத்தா, பபிள்!”

“புது டயரப் போட்டுட்டு வால்வு ரப்பர மாத்தல” என்றார் அப்பா. “ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கு. சக்கரம் சுத்துறப்ப அது வெளிப்பக்கமா மடங்கும், அப்பக் காத்து போவும். நின்னா மூடிக்கும்.”

புது டயர் போடும்போது பழைய ரப்பர் வால்வை எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும் என்பது தொழிலில் எல்லாரும் அறிந்த விதி. சில வெள்ளிதான் செலவு. அன்று கடையில் கூட்டம். யாரோ மறந்துவிட்டார்கள். அதே கடைக்குத்தான் போனோம். கடைக்காரர் வால்வைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார். வெடிப்பு அவர் கண்ணுக்கே தெரிந்தது. பேசாமல் இரண்டு பின்சக்கரத்திலும் புது வால்வு போட்டார், மறுபடி பேலன்சிங் செய்தார், காசு வாங்கவில்லை. நானும் சண்டை போடவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன்: “நான் போன் பண்ணினப்ப, காத்து அளந்து பாருங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?” அவர் தலையசைத்தார்.

அவரிடம் கேட்ட கேள்வியை நான் என்னிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் என் வேலையே இதுதான். ஒன்றை மாற்றிய பிறகு கோளாறு வந்தால், மாற்றிய இடத்திலிருந்து தேடு. காரணம் ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதே, இரண்டாவது காரணமும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் அளந்து பார். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் பாடம். இதைச் சொந்தக் காருக்குப் பயன்படுத்தவில்லை. புது ரப்பரின் தள்ளாட்டம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். எங்களுடையது நாளுக்கு நாள் கூடியது. கூடிக்கொண்டே போகும் கோளாறு பழகும் கோளாறு இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்திருந்தால் மழை இரவில் பாலத்தில் ஏறியிருக்க மாட்டேன்.

அன்றிரவு தூக்கம் வராமல் இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு அமெரிக்கக் கதை கிடைத்தது. செவர்லே நிறுவனத்தின் கொர்வேர் என்ற கார். எஞ்சின் பின்னால் இருக்கும். பாரம் பின்னால் அதிகம் என்பதால், வளைவில் பின்பகுதி வீசாமல் இருக்க, நிறுவனம் டயர் காற்றிலேயே ஒரு கணக்கு வைத்தது. முன்னால் 15 பி.எஸ்.ஐ., பின்னால் 26 பி.எஸ்.ஐ. நம் கணக்கில் ஏறக்குறைய 105-உம் 180-உம். இவ்வளவு வித்தியாசம் அன்றைய ஓட்டுநர்களுக்கும் காற்றடிப்பவர்களுக்கும் பழக்கமில்லாத ஒன்று. நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிட்டால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். வழக்கறிஞர் ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ என்ற புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை வாங்கியவர்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1972-இல் வந்த அமெரிக்க அரசின் ஆய்வு, அக்காலத்து மற்றக் கார்களைவிட இது மோசமானதல்ல என்று சொன்னது. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள காற்றுக் கணக்கு ஒரு காரின் குணத்தையே மாற்றிவிடும் என்பதில் யாருக்கும் வாதம் இல்லை.

பின்னொரு காலத்தில், 2000-ஆம் ஆண்டில், டயர் கோளாறுகளால் பெரிய விபத்துகள் நடந்த பிறகு, காற்றுக் குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிக்கும் கருவியைப் புதுக் கார்களில் கட்டாயமாக்க அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. இன்று நம் நாட்டில் விற்கும் புதுக் கார்கள் பலவற்றிலும் அந்த விளக்கு இருக்கிறது. எங்கள் ஒன்பது வருடக் காரில் இல்லை. ஆனால் பின்னிருக்கையில் ஒருவர் இருந்தார். அவரைத்தான் நான் பேசாமல் வரச் சொல்லியிருந்தேன்.

அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டதை, இதைப் படிப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன். டயர் மாற்றினால் வால்வையும் மாற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 3524 என்றால் அது 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கா என்று அதில் தெரிந்துவிடும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் அது முன்னோக்கி உருளும்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் இரண்டு முறையாவது, காலையில், டயர் ஆறியிருக்கும்போது காற்றை அளங்கள். கார் ஒரு மாதிரி இருக்கிறது என்று பட்டால், “எனக்குத்தான் பழக்கமில்லை” என்று ஒதுக்காதீர்கள். தினமும் அந்தக் காரை ஓட்டுகிறவர் நீங்கள்தான்.

வால்வு மாற்றிய பிறகு கார் ஒழுங்குக்கு வந்தது. முழுவதும் இல்லை. தடம் மாறும்போது அந்தச் சின்ன மெத்தென்ற அசைவு மட்டும் இருந்தது. நான் பயந்துபோய்ப் பின்னால் திரும்பாமலேயே கேட்டேன்: “அப்பா, வால் எப்படி இருக்கு?”

“இது புது ரப்பரும்மா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் ஆடுது. இது பழகிடும்.”

பழகிவிட்டது. இரண்டு வாரத்தில் அந்த அசைவு காணாமல் போனது. அடுத்த மாதச் சம்பளத்தில் முன்டயர்களையும் மாற்றிவிட்டோம்.

அப்பாவை முன்னிருக்கைக்கு வரச் சொன்னேன். மாட்டேன் என்றார். பின்னால் இருந்தால்தான் சக்கரம் தெரிகிறதாம். அதனால் இப்போது நான்தான் பேச்சுக்கொடுக்கிறேன். போன சனிக்கிழமை பாலிக் பூலாவுக்கு டுரியான் வாங்கப் போனோம். மலைச்சாலை, வளைவுக்கு மேல் வளைவு. பாதி ஏறியதும் கேட்டேன், “எப்படிப்பா போவுது?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை இருக்கையின் மேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நேராத்தான் போவுது” என்றார். “நீ என்னைப் பார்க்காம ரோட்டைப் பாரு.”